பத்து மணி மாத்திரை: ஒரு சிறிய முதியோர் உதவி இல்லத்தைத் தேர்ந்தெடுத்த நிகழ்வு

பின்னணி

இந்த நிகழ்வுக்கு உரியவர் 76 வயது அம்மையார் ஒருவர். பொள்ளாச்சிப் பக்கத்து உதவிபெறும் பள்ளியொன்றில் 34 ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் 2019இல் காலமானார். மகள் கோவையில் வங்கியில் வேலை பார்க்கிறார். மகன் பெங்களூரில் இருக்கிறார். முதியோர் பராமரிப்பில் சமூகப் பணியாளராக இருக்கும் நான் மகளின் அழைப்பின் பேரில் இல்லத் தேர்வின்போது அவர்களுடன் சென்றேன். குடும்பத்தாரின் சம்மதத்துடன் இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கியும் மாற்றியும் இருக்கிறேன்.

அம்மையாருக்கு 2017இல் பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாதம் இருப்பது தெரியவந்தது. 2023 வாக்கில் அவர் லெவோடோபா, கார்பிடோபா சேர்ந்த மாத்திரையை நாளொன்றுக்கு ஐந்து வேளை, அதாவது காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்ற கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தார். இந்நோயில் மருந்தின் அளவைப் போலவே நேரமும் முக்கியம். ஒரு வேளை மாத்திரையின் வேகம் தணிந்து அடுத்தது உள்ளே போகாவிட்டால் உடல் விறைத்துவிடும். நடந்துகொண்டிருப்பவரின் பாதங்கள் தரையோடு ஒட்டியதுபோல் நின்றுவிடும். புரதம் மிகுந்த உணவோடு சேர்த்துக் கொடுத்தால் மருந்து குடலில் சரியாக ஏறாது என்பதால், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பாகக் கொடுக்கும்படி மருத்துவர் எழுதியிருந்தார். மேலும், படுத்திருந்து எழும்போது அவருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும் வழக்கமும் இருந்தது. பின்னால் நடந்தவை பெரும்பாலும் இந்த விவரங்களைச் சார்ந்தவை என்பதால் இவற்றை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

2023இல் ஒருநாள் பின்னிரவில் அவர் வீட்டுக் குளியலறையில் விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. ஆனால் விடிந்து பால்காரர் வந்து கூப்பிட்டுப் பார்க்கும்வரை ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். அதன்பின் ஏஜென்சி மூலம் வீட்டோடு தங்கும் உதவியாளர் வைக்கப்பட்டார். ஆறு வாரத்தில் மூன்று பேர் மாறினார்கள். பெங்களூரில் மகன் வீட்டில் மூன்று வாரம் இருந்து பார்த்தார். நான்காவது மாடி, இருவரும் வேலைக்குப் போகும் வீடு, பகலெல்லாம் பூட்டிய கதவு. "அங்கே விழுந்தாலும் சாயங்காலம் வரைக்கும் யாரும் வரமாட்டாங்க, இங்கேயாவது பால்காரர் வர்றார்" என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

தேடல் தொடங்கிய விதம்

இல்லத்துக்குப் போகலாம் என்ற பேச்சை எடுத்தவர் அம்மையாரே. நர்ஸ் வேண்டாம், மணியடித்தால் வர ஓர் ஆள் இருந்தால் போதும் என்றார். உறவினர்களிடையே எதிர்பார்த்த சலசலப்பு எழுந்தது. அம்மையாரின் அண்ணன், அவர் மகளைத் தொலைபேசியில் அழைத்து, "ரெண்டு புள்ளைங்க இருந்தும் ஆசிரமமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பயந்தே பல குடும்பங்கள் தேடலை ஆறு மாதம், ஒரு வருடம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் கிடைத்த இடத்தில் சேர்க்கின்றன. இவர்களுக்குத் தேட இரண்டு மாதம் கிடைத்தது.

கோவையைச் சுற்றி முதியோர் குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. அவற்றில் பல, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள முடிந்தவர்கள் விலைக்கோ வாடகைக்கோ எடுத்துத் தங்கும் வீடுகள். சமையல், துப்புரவு, காவல் கிடைக்கும், குளிக்க வைக்கவோ மாத்திரை எடுத்துத் தரவோ ஆள் இருக்காது. அசிஸ்டெட் லிவிங் என்று சொல்லப்படும் உதவி இல்லங்கள் வேறு வகை. குளியல், உடை, நடை, மருந்து ஆகியவற்றில் அன்றாடத் துணை இருக்கும், ஆனால் அவை மருத்துவமனை அல்ல. விளம்பரங்களில் இவ்விரண்டும் ஒரே சொற்களில் வருவதால், எதைப் பார்க்கப் போகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளவே முதல் வாரம் போயிற்று.

பெரிய நிறுவனம் என்றால் ஒழுங்கு இருக்கும் என்பது மகனின் கட்சி. சிறிய இடத்தில் முகம் பார்த்துப் பழக முடியும், வங்கியிலிருந்து வீடு திரும்பும் வழியிலும் இருக்கும் என்பது மகளின் கட்சி. நான் மகளின் பக்கம் நின்றேன். 12 முதல் 20 பேர் வரை தங்கும் இல்லங்கள் மூன்றை எடுத்துக்கொண்டோம்.

சட்டப்படி எதைச் சரிபார்க்க வேண்டும் என்று மகன் கேட்டார். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது என்ற கணக்கில் ஆதரவற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லங்களை மாநில அரசுகள் அமைக்கலாம் என்கிறது. கட்டணம் வாங்கும் தனியார் இல்லத்தில் இரவில் எத்தனை ஆள் விழித்திருக்க வேண்டும் என்பதற்கு அதில் விடை கிடையாது. ஆகவே மூன்று இடங்களிலும் பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்த்தோம். ஆனால் சான்று இருப்பதால் பராமரிப்பும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று இல்லங்கள்

முதல் இல்லம் புதிய கட்டடம். லிஃப்ட், சரிவுப் பாதை, குளியலறையில் கைப்பிடிகள், பின்புறம் தோட்டம் என எல்லாம் இருந்தன. முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு முற்பகலில் போனோம். மேலாளர் அரை மணி நேரம் சுற்றிக் காட்டினார். மாத்திரைகள் எப்போது தரப்படும் என்று கேட்டதற்கு, "காலை டிபனுக்குப் பிறகு, மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லாருக்கும் கரெக்டா கொடுத்துருவோம்" என்றார். ஐந்து வேளைக் கணக்கை மகள் விளக்கியபோது, டாக்டரிடம் சொல்லி மூன்று வேளையாக மாற்றிக்கொள்ளலாமே என்றார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அம்மையார் வேறொன்றைப் பார்த்திருந்தார். திரும்பி வரும்போது காரில்தான் சொன்னார்: "அங்கே இருந்த பொம்பளைங்க எல்லாருக்கும் முடியை ஒட்ட வெட்டியிருக்காங்க, பார்த்தீங்களா?" எங்களில் எவரும் பார்த்திருக்கவில்லை. தலைவாரிப் பின்னும் வேலையை மிச்சப்படுத்தச் சில இல்லங்களில் அப்படிச் செய்வதுண்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணில் படவில்லை. அந்த இல்லத்தை அன்றே விட்டுவிட்டோம்.

மற்றொன்று ஓர் அறக்கட்டளை நடத்துவது. கட்டணம் 25,000 ரூபாய்க்குள் இருந்தது. வருமான வரிச் சட்டப்படி பதிவுபெற்ற அத்தகைய அமைப்பு, 60 வயது நிறைந்தவர்களிடம் தங்குமிடம், உணவு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய்வரை வாங்கினால் சரக்கு மற்றும் சேவை வரி கிடையாது என்பதும் ஒரு வசதி. அன்பான இடம். மாலைப் பிரார்த்தனை முடிந்து எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் குளியலறைக்குப் போக இரண்டு படி இறங்க வேண்டும்; இரவில் இருப்பவர் காவலாளி ஒருவர் மட்டுமே.

மூன்றாவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தேர்ந்தெடுத்தது அதைத்தான். பேரூர்ப் பக்கம் அடுத்தடுத்த இரண்டு வீடுகளின் நடுச்சுவரை உடைத்து ஒன்றாக்கிய இல்லம், 14 பேர். பகலில் ஒரு நர்ஸ், மூன்று உதவியாளர்கள். இரவில் ஒருவர் விழித்திருப்பார், இன்னொருவர் அங்கேயே படுத்திருப்பார், கூப்பிட்டால் எழுந்து வருவார். தலைமை நர்ஸ் பாலக்காட்டுக்காரர், அங்கேயே தங்கி ஆறு ஆண்டுகளாக வேலை பார்த்தவர். நாங்கள் அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது மணி 2 ஆயிற்று. அவருடைய கைப்பேசி ஒலித்தது. பாதி வாக்கியத்தில் எழுந்துபோய், இதே நோயுள்ள ஒரு பெரியவருக்கு மாத்திரையும் தண்ணீரும் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். அவர் கைப்பேசியில் 11 அலாரங்கள் இருந்தன. என் குறிப்பேட்டில் "மருந்து நேரம்: மிக நன்று" என்று எழுதி அடிக்கோடிட்டேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடுத்த வாரம் சொல்லாமல் இரவு எட்டரை மணிக்குப் போனோம். உள்ளே விட்டார்கள். கட்டிலருகே இருந்த அழைப்பு மணியை அம்மையாரே அழுத்தினார். மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் 40 விநாடியில் ஆள் வந்தது. கழிவறையில் மணி தோள் உயரத்தில் இருந்தது. தரையில் விழுந்தவருக்கு அது எட்டாது என்று சொன்னதும், மூன்றே நாளில் மணியோடு ஒரு கயிற்றைக் கட்டித் தரைக்கு ஒரு சாண் மேலே வரும்படி தொங்கவிட்டுப் படமும் அனுப்பினார்கள். சொன்னதைக் கேட்கும் நிர்வாகம் என்ற நம்பிக்கை இதனால் வந்தது. அந்த நம்பிக்கை தவறல்ல. இரவு உதவியாளர் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர். தமிழ் கொஞ்சம் தெரியும். அவரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகர்ந்துவிட்டோம்.

ஒப்பந்தமும் ஒத்திகைத் தங்கலும்

மாதக் கட்டணம் 36,000 ரூபாய். தனியார் நிறுவனம் என்பதால் 18 சதவீத வரி சேர்ந்து 42,480 ஆயிற்று. பேச்சில் 36,000 என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வரி முதல் பில்லில்தான் தெரியவரும் என்று பல குடும்பங்கள் நொந்துகொண்டதைக் கேட்டிருந்ததால் இதை எழுதி வாங்கினோம். முன்பணம் ஒரு லட்சம். டயப்பர், இயன்முறை மருத்துவம், மருத்துவமனையில் உடனிருக்கும் ஆளுக்கான கூலி ஆகியவை தனி.

ஒப்பந்த வரைவில் இரண்டு இடங்களில் மகன் நின்றார். ஆண்டுதோறும் கட்டண உயர்வு "நிர்வாகம் தீர்மானிக்கும் அளவில்" என்று இருந்ததை 8 சதவீதத்துக்கு மிகாமல் என்று மாற்ற வைத்தார். தங்குபவரின் நிலை மோசமானால் ஒரு மாத அவகாசம் கொடுத்து வெளியேறச் சொல்லலாம் என்ற விதியில் மோசம் என்றால் எது என்று கேட்டார். பேசி முடிவில் மூன்று நிலைகள் எழுதப்பட்டன: குழாய் வழி உணவு தேவைப்படுதல், தூக்கி நிறுத்த இருவர் வேண்டியிருத்தல், இரவில் வெளியே நடந்து போய்விடுதல். முன்பணம் வெளியேறிய 60 நாளுக்குள் திருப்பித் தரப்படும் என்பதும் சேர்ந்தது. உதவியாளர்கள், நர்ஸுகள் மாறினால் குடும்பத்துக்குத் தெரிவிப்பது பற்றி ஒரு வரியும் இல்லை. அது வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை.

ஆகஸ்டில் பத்து நாள் தங்கிப் பார்த்தார். தன் பங்குக்கு அம்மையார் நிபந்தனைகள் வைத்திருந்தார்: ஜன்னலோரம் மேசை, ஏழு மணிக்குள் செய்தித்தாள், அலமாரிச் சாவி தன்னிடம், யாரும் ஊட்டிவிடக் கூடாது, பாட்டி என்று கூப்பிடக் கூடாது. இரண்டாம் நாளிலிருந்தே எல்லோரும் அவரை டீச்சர் என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஐந்து வேளை மருந்தும் நிமிடம் பிசகாமல் வந்தது. அந்தப் பத்து நாளும் தலைமை நர்ஸ் வார விடுப்பு எடுக்கவில்லை. "புதுசா வந்திருக்காங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றார். நாங்கள் நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னோம்.

சேர்க்கையும் முதல் மாதங்களும்

2023 செப்டம்பரில் சேர்ந்தார். நான்கு மாதத்தில் இரண்டு கிலோ எடை கூடியது. சமையல்காரம்மாவின் ஏழாம் வகுப்பு மகள் பள்ளி விட்டு அங்கே வருவாள். அவளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுப்பது மாலை வேலையாயிற்று. ஆசிரமமா என்று கேட்ட அண்ணன் வந்து பார்த்துவிட்டு, ராகிக் களி சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்.

2024 ஜனவரி, பிப்ரவரி

ஜனவரி 20ஆம் தேதியுடன் தலைமை நர்ஸ் வளைகுடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆறு ஆண்டு உழைத்தவர், தனக்குக் கிடைத்த நல்ல வாய்ப்புக்குப் போனார். 28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மகள் போனபோது சிஸ்டர் ஊருக்குப் போயிருக்கிறார் என்று பதில் வந்தது. திரும்ப வரமாட்டார் என்பது அதற்கடுத்த ஞாயிறு தெரிந்தது.

அவர் இடத்தில் பகுதிநேர நர்ஸ் இருவர் மாறி மாறி, காலை 9 முதல் மாலை 7 வரை வந்தார்கள். ஆக, 10, 2, 6 மணி வேளைகள் பெரும்பாலும் தப்பின. காலை 6 மணியும் இரவு 10 மணியும் உதவியாளர்களின் பொறுப்பில் விழுந்தன. அந்த மாத்திரைகளுக்கு நேரம் இருக்கிறது என்று அவர்களிடம் எவரும் சொல்லவில்லை. காலை மாத்திரை ஏழேகாலுக்கு, சில நாள் ஏழே முக்காலுக்குப் பால் காப்பியோடு சேர்ந்து வந்தது. இரவு மாத்திரையை எட்டரைக்கே, எல்லோரையும் படுக்க வைக்கும்போது கொடுத்துவிடத் தொடங்கினார்கள். அப்படியானால் மறுநாள் காலைக்குள் பதினோரு மணி நேர இடைவெளி. அலட்சியம் என்று இதைச் சொல்ல என்னால் முடியவில்லை. 11 அலாரங்களும் ஒரு கைப்பேசியில் இருந்தன. அந்தக் கைப்பேசி விமானம் ஏறிப் போய்விட்டது.

பிப்ரவரி 13 காலை 6:40க்கு அம்மையார் விறைத்த உடலோடு கழிவறைக்குப் போக எழுந்து, வாசலில் பாதம் நகராமல் நின்று, முன்னால் சாய்ந்து விழுந்தார். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஒடிசா இளைஞர் சத்தம் கேட்டு உடனே ஓடி வந்தார். 40 நிமிடத்துக்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் அவருடைய நோய், மருந்து, தரக் கூடாத மருந்துகள் எல்லாம் எழுதிய அட்டை, பகலில் மட்டும் திறக்கப்படும் நர்ஸ் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. அவசரப் பிரிவில் வலியில் வாந்தி எடுத்தவருக்கு, வழக்கமாகப் போடும் மெட்டோகுளோபிரமைட் ஊசியைப் போட இருந்தார்கள். நடுக்குவாதத்தை அது மோசமாக்கும். அந்த நேரத்தில் மகள் வந்து நோயைச் சொன்னார். மருத்துவர் உடனே மருந்தை மாற்றினார்.

அன்று மாலை உடைகள் எடுக்க இல்லத்துக்குப் போன மகள், மேசை இழுப்பறையில் ஒரு டைரியைக் கண்டார். ஜனவரி 21 முதல் ஒவ்வொரு மாத்திரையும் வந்த நேரத்தை அம்மையார் குறித்து வைத்திருந்தார். இந்நோயில் கையெழுத்து சுருங்குவதுண்டு. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் எழுதியவை கரும்பலகைக் கையெழுத்துபோல் தெளிவாக இருந்தன; தாமதமான காலைகளில் எழுதியவை வரி போகப் போகச் சிறுத்து, கடைசி எழுத்துகள் கடுகளவாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நேரத்தைப் படிக்காமல் எழுத்தின் அளவை மட்டும் பார்த்தே எந்த வேளை தவறியது என்று சொல்லிவிடலாம். 23 நாளில் காலை, இரவு வேளைகள் 46. அவற்றில் 29 குறித்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விலகியிருந்தன. ஏன் சொல்லவில்லை என்று மகள் கேட்டதற்கு, "சொன்னா அந்தப் பசங்களைத்தான் திட்டுவாங்க கண்ணு, அவங்களுக்கு என்ன தெரியும்?" என்று பதில் வந்தது.

எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

உடனே வேறிடம் மாற்ற வேண்டும் என்று மகன் சொன்னார். அவர் கோபம் நியாயமானது. மகள் தயங்கினார். அம்மையார் இருக்கிறேன் என்றார். அவர் நினைவும் தீர்மானமும் தெளிவாக இருந்ததால் அவர் விருப்பத்துக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் நிலை. இதைத் தவிர வேறு காரணமும் இருந்தது. மணியடித்தால் ஆள் வருவது, விழுந்தவரை முறையாகத் தூக்குவது, மருத்துவமனைக்கு விரைவது ஆகிய எல்லாம் அங்கே சரியாக நடந்திருந்தன. கெட்டுப்போயிருந்தது ஒரே ஒரு கண்ணி, அதைத் திரும்பக் கோக்க முடியும். கையில் மாவுக்கட்டோடு புது இடம், புது முகங்கள் என்று போனால் மருந்து நேரம் அங்கே சரியாகிவிடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

மேலாளர் முதலில் மறுத்தார். இதுவரை ஒருவருக்குக்கூட இங்கே இப்படி நடந்ததில்லை என்றார். மகள் வாதிடாமல் டைரியை மேசைமேல் வைத்தார். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஏழெட்டுப் பக்கம் போனதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்றார்.

ஐந்து வேளைக்கும் ஒலிக்கும் கடிகாரம் கூடத்துச் சுவரில் மாட்டப்பட்டது. ஐந்து அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டியை மகள் வாங்கி வந்தார். அதை நிரப்புவது பகல் நர்ஸின் வேலை, எடுத்துக் கொடுப்பது அந்த நேரத்தில் இருப்பவரின் வேலை. ஏன் நேரம் முக்கியம் என்பதை இரவு உதவியாளர்கள் இருவருக்கும் நான் விளக்கினேன், ஒருவருக்கு அரைகுறை இந்தியில். நோய் அட்டையின் ஒரு பிரதி கட்டில் தலைமாட்டில் தொங்கியது, இன்னொன்று அம்மையாரின் கைப்பையில் இருந்தது. ஆள் மாறினால் 24 மணி நேரத்துக்குள் மகளுக்குச் செய்தி வர வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் பின்னிணைப்பாகச் சேர்ந்தது.

பதிவேட்டைப் பற்றி மட்டும் சற்று இழுபறி நடந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு பதிவேடு இருந்தது. பிப்ரவரி முழுக்க எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டிருந்தது, 13ஆம் தேதி காலை உட்பட. டிக் போடும் பதிவேடுகளை நாள் முடிவில் ஒரே பேனாவால், ஒரே மூச்சில் நிரப்பிவிடுவது இத்துறையில் இருப்பவர்கள் அறிந்ததுதான். ஆகவே டிக் வேண்டாம், கொடுத்த நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள் என்று கேட்டோம். தாமதமான நேரத்தை எழுதினால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று உதவியாளர்கள் அஞ்சினார்கள். பிடிக்கமாட்டேன் என்று மேலாளர் அவர்கள் முன்னால் சொன்ன பிறகே ஒப்புக்கொண்டார்கள்.

பின்னர் நடந்தவை

மார்ச்சில் தொடங்கி 90 நாள் கணக்கைப் பார்த்தோம். 450 வேளைகளில் 38 மட்டுமே 20 நிமிடத்துக்கு மேல் தாமதம், நான்கு விடுபட்டிருந்தன. அந்த நான்கையும் விடுபட்டது என்றே எழுதியிருந்தார்கள். மணிக்கட்டு ஆறு வாரத்தில் கூடியது. அதே நோயுள்ள பெரியவரின் குடும்பமும் தங்களுக்கும் அதேபோல் நேரம் எழுதும் தாள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

நவம்பரில் விழுங்குவதில் சிரமம் தொடங்கியது. ஒருமுறை உணவு புரையேறி, நெஞ்சில் சளி கட்டி ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார். இனி வைத்துக்கொள்வது கடினம் என்று இல்லம் சொல்லிப் பார்த்தது; எழுதிய மூன்று நிலைகளில் அது இல்லை என்பதால் உணவைக் குழைவாக்கித் தந்து தொடர்ந்தது. சமையல்காரம்மா களியை இன்னும் நெகிழ்வாகக் கிண்டக் கற்றுக்கொண்டார். 2025 பிப்ரவரியில் தூக்கி நிறுத்த இருவர் வேண்டிய நிலை வந்தது. இம்முறை விதி பொருந்தியது. முறைப்படி ஒரு மாத அவகாசம் கொடுத்தார்கள். 24 மணி நேரமும் நர்ஸ் இருக்கும் பெரிய பராமரிப்பு இல்லமொன்றுக்கு மார்ச்சில் மாறினார். முன்பணம் 60 நாளுக்குப் பதில் 71ஆவது நாளில் வந்தது. புதிய இடத்தில் மருந்து, உணவு எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. டீச்சர் என்று கூப்பிட அங்கே இன்னும் யாரும் பழகவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

நாங்கள் மதிப்பிட்டது ஓர் இல்லத்தை என்று நினைத்திருந்தோம். உண்மையில் மதிப்பிட்டது ஒரு நர்ஸை. 14 பேர் இருக்கும் இடத்தில் ஒரு நல்ல ஆள் இருந்தால் இடமே நல்லதாகத் தெரியும், அவர் போனால் இடமே மாறிவிடும். பெரிய நிறுவனங்களில் ஒருவர் போனால் இன்னொருவர் வந்து அதே தாளை எடுத்துக்கொள்வார். சிறிய இடத்தில் பெரும்பாலும் தாளே இருக்காது, ஆளின் நினைவில்தான் எல்லாம். கைப்பேசி ஒலித்து அவர் எழுந்து போனபோது, நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் இது யாருக்கு ஒலிக்கும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஒத்திகைத் தங்கலின்போது அவர் விடுப்பை விட்டுக்கொடுத்ததும் அவருடைய நல்ல குணத்தால்தான். அதனாலேயே நாங்கள் பார்க்க வேண்டிய ஒரே நாளைப் பார்க்காமல் போனோம். இப்போது யாருக்கு ஆலோசனை சொன்னாலும், தலைமை நர்ஸின் விடுப்பு நாள் ஒன்றாவது உள்ளே வரும்படி ஒத்திகை நாள்களை அமைக்கச் சொல்கிறேன். சென்ற ஆண்டு இதே மாதம் இங்கே வேலை பார்த்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்றும் கேட்கச் சொல்கிறேன்.

இரவு உதவியாளரோடு இரண்டு வார்த்தையில் நகர்ந்தது அடுத்த பிழை. மொழி ஒரு தடை என்பது உண்மைதான்; ஆனாலும் விழுந்த காலையில் முதலில் ஓடி வந்தவர் அவர். மேலாளரிடம் ஒரு மணி நேரமும் அவரிடம் ஒரு நிமிடமும் செலவிட்டதை இப்போது நினைத்தால் கணக்கு இடிக்கிறது.

டைரியைப் பற்றி எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. மூன்று வாரம் அம்மையார் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். ஞாயிறுதோறும் மகள் வந்தும் அது வெளியே வரவில்லை. காரணம் எளிது. பார்க்கும் நேரமெல்லாம் கூடத்தில், உதவியாளர்கள் கேட்கும் தூரத்தில்தான் உட்கார்ந்து பேசினார்கள். பிப்ரவரிக்குப் பிறகு ஞாயிறுகளில் காரில் ஏற்றிப் பேரூர்க் கோயில் வரை போய்த் திரும்பத் தொடங்கினார்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் வந்த செய்திகள், அதற்கு முந்தைய ஐந்து மாதத்தில் வந்தவற்றைவிட அதிகம் என்று மகள் சொல்கிறார்.

சிறிய இல்லத்தைத் தேர்ந்தெடுத்ததை மட்டும் மாற்றமாட்டேன். மகனுக்கு இதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் 2025 பிப்ரவரியில் இரண்டாம் முறை இடம் தேடியபோது அவரே முன்னால் நின்றார். பெரிய பராமரிப்பு இல்லத்தின் மேலாளர் பகல் சந்திப்புக்கு நேரம் குறித்துக் கொடுத்ததை மறுத்துவிட்டு, தலைமை நர்ஸ் விடுப்பில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டறிந்து, அன்று இரவு ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தார். இதே நோயுள்ள ஒருவரின் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார அனுமதி வாங்கினார். பத்து மணி மாத்திரை 10:10க்கு வந்தது. கொடுத்த பெண் வெளியே வந்து, சுவரில் தொங்கிய தாளில் 10:10 என்றே எழுதினார். மறுநாள் காலை மகன் கையெழுத்திட்டார்.